ஸ்கிப்பர்களின் பெயர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது, எவை எங்கே வாழ்கின்றன

மேற்குத் தொடர்ச்சி மலையில் மூங்கில் ஓரமாக எடுத்த ஒரு பழுப்பு ஸ்கிப்பரின், அதாவது விர்ரென்று பறக்கும் ஒரு வகைப் பட்டாம்பூச்சியின், படத்துக்கு மூன்று பேர் மூன்று பெயர் சொல்லியிருக்கிறார்கள், அதில் ஒரு பெயரைப் பழைய புத்தகத்தில் தேடினால் பேரினமே, அதாவது அறிவியல் பெயரின் முதல் பாதியே, வேறாக இருக்கிறது. இந்தக் குடும்பத்தை எதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், உலகத்தில் எவை எங்கே இருக்கின்றன, வெப்பமண்டலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்பது உங்கள் கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். ஸ்கிப்பர்களைப் பொறுத்தவரை வகைப்பாட்டையும் பரவலையும் தனித்தனியாகப் பேச முடியாது. ஒன்றுக்கு யார் உறவு என்பது மாறினால், அந்தக் கூட்டம் எந்தக் கண்டத்தில் தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கதையும் கூடவே மாறிவிடுகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் அப்படி ஏகப்பட்டது மாறியிருக்கிறது, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது.

ஒரு பூச்சி ஸ்கிப்பரா இல்லையா என்று சொல்வது சுலபம். தலை அகலம், இரண்டு உணர்கொம்புகளும் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி முளைத்திருக்கும், நுனி தடித்து, அதற்கப்புறம் கொக்கி போல வளைந்து முடியும். மார்பு பருமன், அதற்கு இறக்கை சிறியது. அதனால்தான் அந்த விர்ரென்ற, கண்ணுக்குப் பிடிபடாத பறத்தல். முன்னிறக்கையின் நரம்புகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் நடு அறையிலிருந்தே தனித்தனியாகக் கிளம்பி ஓரம் வரை போகும், எங்கேயும் கிளை பிரியாது. புழுவுக்குப் பெரிய தலையும் அதற்குப் பின்னால் இறுக்கிக் கட்டியது போன்ற கழுத்தும் இருக்கும். இந்த அடையாளங்கள் உலகம் முழுக்கப் பொருந்தும். அதனால் ஹெஸ்பெரிடே என்று 1809-இல் லத்ரேய் பெயர் வைத்த குடும்பம் இன்று வரை குடும்பமாக அசையாமல் நிற்கிறது. குழப்பமெல்லாம் அதற்கு மேலேயும் அதற்கு உள்ளேயும்தான்.

மேலே இருந்த குழப்பத்தைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப காலம் ஸ்கிப்பர்களைத் தனி மேற்குடும்பமாக வைத்து, மற்ற பட்டாம்பூச்சிகளை இன்னொரு மேற்குடும்பமாக வைத்திருந்தார்கள். அந்துப்பூச்சிக்கும் பட்டாம்பூச்சிக்கும் நடுவில் நிற்பவை என்று பள்ளிப் பாடம் மாதிரி இன்னும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. டி.என்.ஏ. ஆய்வுகள் வந்த பிறகு, முதலில் பிரிந்தது அழகிகள் கூட்டம் என்று நாம் சொல்லும் ஸ்வாலோடெயில் குடும்பம் என்றும், ஸ்கிப்பர்கள் அதற்குப் பிறகுதான் கிளைத்தன என்றும் தெரிந்தது. அதாவது அவை முழுமையான பட்டாம்பூச்சிகள், நடுவில் நிற்பவை அல்ல. அவற்றுக்கு மிக நெருங்கிய உறவு ஹெடிலிடே என்ற சிறிய குடும்பம். அது அமெரிக்க வெப்பமண்டலத்தில் மட்டும் இருக்கிறது, இரவில் பறக்கிறது, 1986 வரை அதை அந்துப்பூச்சி என்றே வைத்திருந்தார்கள். மால்கம் ஸ்கோபிள் அந்த ஆண்டு அதைப் பட்டாம்பூச்சிகளோடு சேர்க்க வேண்டும் என்று எழுதினார், பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் அவர் பக்கம் நின்றன.

இப்போது குடும்பத்துக்கு உள்ளே வருவோம். நான்காயிரத்துக்கும் மேல் இனங்கள். உறவுமுறை மரத்தின் அடியிலிருந்து முதலில் பிரியும் கிளை கோலியாடினே என்ற துணைக்குடும்பம். நாம் ஆல், ஆலெட் என்று சொல்பவை. உங்கள் தெருவில் புங்க மரம் இருந்தால் நீங்கள் இவற்றைப் பார்த்திருப்பீர்கள்: காமன் பேண்டட் ஆல் என்ற ஹசோரா குரோமஸ், புங்கந்தளிரில் முட்டையிட்டு, மழைக்குப் பிறகு தளிர் விடும் நாட்களில் சில மரங்களை மொட்டையாக்கிவிடும். இவை இறக்கையை மூடி இலைக்கு அடியில் அமரும், பலவும் விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு. முகத்துக்கு முன்னால் மெல்லிய ஊசி போல இரண்டு பால்பி, அதாவது வாயோர உணர் உறுப்புகள், நீட்டிக்கொண்டிருக்கும், அது ஒன்றே இந்தக் கூட்டத்துக்குப் போதுமான அடையாளம். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவி, பெரும் கூட்டமாக இடம்பெயரும் பிரவுன் ஆல் இதில்தான் சேரும். ஆனால் கவனியுங்கள், இந்தத் துணைக்குடும்பம் ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா பக்கம் மட்டுமே இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் ஒன்றுகூட இயற்கையாகக் கிடையாது.

அடுத்த கிளை இன்னும் வினோதம். ஒரே ஒரு இனம், யூஸ்கெமோன் ராஃப்லேசியா, கிழக்கு ஆஸ்திரேலியாவின் மழைக்காடுகளில். ஆணுக்கு முன்னிறக்கையையும் பின்னிறக்கையையும் கோத்துப் பிடிக்கும் முள் ஒன்று இருக்கிறது. அந்துப்பூச்சிகளில் சாதாரணமாகப் பார்க்கும் உறுப்பு அது, ஸ்கிப்பர்களில் வேறு எதற்கும் கிடையாது. இதை அந்துப்பூச்சி என்று வாதாடியவர்கள் இருந்தார்கள் என்பதில் வியப்பில்லை.

ஆக முதல் இரண்டு கிளைகளும் பழைய உலகத்தில், அதாவது அமெரிக்கா அல்லாத கண்டங்களில். ஆனால் மொத்த இனங்களில் பாதிக்கும் மேல் இருப்பது மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை உள்ள அமெரிக்க வெப்பமண்டலத்தில். அடிக்கிளைகள் ஒரு பக்கம், கூட்டம் இன்னொரு பக்கம். இந்த முரண்தான் ஸ்கிப்பர் பரவலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இதற்கு இன்னும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே விடை கிடையாது.

மீதி கிளைகளை வேகமாகப் பார்க்கலாம். யூடாமினே கிட்டத்தட்ட முழுக்க அமெரிக்காவுக்குச் சொந்தம், நீண்ட வால் உள்ள ஸ்கிப்பர்களும் நீலம் மின்னுபவையும் இதில்தான். ஆசியாவில் இதன் பிரதிநிதியாக இமயமலையிலும் சீனாவிலும் லோபோக்ளா என்ற பேரினம் இருக்கிறது, எப்படி இங்கே வந்து தனியாக மாட்டிக்கொண்டது என்பது நல்ல கேள்வி. ஃபயர்டிப் எனப்படும் பைரோபைஜின்கள் தென்னமெரிக்காவின் அழகு, கருநீல உடலும் சிவப்பு வால் நுனியும், புழுக்கள் மயிர் அடர்ந்து வளையம் வளையமாக நிறம். இதன் ஒரே ஒரு இனம் அரிசோனா வரை வடக்கே போகிறது. ட்ரபெசிடினே ஆஸ்திரேலியாவோடும் நியூகினியோடும் நின்றுவிடும். ஹெட்டராப்டெரினே ஆப்பிரிக்க மலைகளிலும் ஆண்டீஸிலும் வட மிதவெப்பப் பகுதியிலுமாகச் சிதறிக் கிடக்கும். டாகியாடினே நம்முடைய பிளாட்கள், காட்டுப் பாதையில் சட்டென்று இலைக்கு அடியில் போய் இறக்கையை முழுவதும் விரித்து ஒட்டிக்கொள்பவை. பைர்ஜினே பெரும்பாலும் அமெரிக்கா, ஆனால் சமவெளிப் புல்வெளியில் நாம் பார்க்கும் இந்தியன் ஸ்கிப்பரும், துத்திச் செடியில் வளரும், ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வரை பரவிய கோமாலியாவும் இதில் அடங்கும்.

கடைசியாக ஹெஸ்பெரினே. புல் ஸ்கிப்பர்கள். குடும்பத்தில் பாதிக்கும் மேல் இவைதான், உங்கள் படத்தில் இருப்பதும் இவற்றில் ஒன்றுதான். புல், மூங்கில், பனை, வாழை, இஞ்சி, மஞ்சள் என்று ஒருவித்திலைத் தாவரங்களைத்தான் புழு தின்னும். உட்காரும்போது முன்னிறக்கையைப் பாதி தூக்கி, பின்னிறக்கையைத் தட்டையாகப் பரப்பி, போர் விமானம் நிற்பது போல உட்காரும்.

இந்தப் பிரிவுகளை யார் செய்தார்கள்? பெரிய பங்கு ஒரு ராணுவப் பொறியாளருடையது. பிரிகேடியர் வில்லியம் ஹாரி எவன்ஸ், 1876-இல் பிறந்து 1956-இல் இறந்தவர், பணிக்காலத்தில் இந்தியா முழுக்கச் சுற்றியவர். பழனி மலைப் பட்டாம்பூச்சிகளின் பட்டியலை 1910-இல் எழுதியவர் இவர்தான். ஓய்வுக்குப் பிறகு லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, பெட்டி பெட்டியாக ஸ்கிப்பர்களைப் பிரித்து, ஆப்பிரிக்காவுக்கு 1937-இல், ஐரோப்பா ஆசியா ஆஸ்திரேலியாவுக்கு 1949-இல், அமெரிக்காவுக்கு 1951 முதல் 1955 வரை நான்கு பகுதிகளாகப் பட்டியல் வெளியிட்டார். பால்பி, உணர்கொம்பு நுனி, இறக்கைப் புள்ளிகள், ஆணின் இனப்பெருக்க உறுப்பு, இவற்றை வைத்து ஒவ்வொன்றையும் படிப்படியாகப் பிரித்தறிய அடையாளத் திறவு எழுதினார். ஒரு மனிதர் இவ்வளவு செய்ய முடியுமா என்று இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. அவர் வகுத்த இனங்களில் பெரும்பாலானவை நிற்கின்றன. ஆனால் எது எதற்கு உறவு என்று அவர் சேர்த்து வைத்த கூட்டங்களில் பல நிற்கவில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமையை நம்பித்தான் அவர் வேலை செய்ய முடிந்தது.

2008, 2009 ஆண்டுகளில் ஆண்ட்ரூ வாரனும் கூட்டாளிகளும் மரபணுக்களையும் உடலமைப்பையும் சேர்த்து முதல் நவீன வகைப்பாட்டைத் தந்தார்கள். அதற்கு அடுத்த அடி 2019-இல் விழுந்தது. நிக் கிரிஷின் குழு 250 ஸ்கிப்பர் இனங்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்து, வழக்கிலிருந்த வகைப்பாட்டோடு அது ஏராளமான இடங்களில் ஒத்துப்போகவில்லை என்று காட்டியது. ஒரே மாதிரி இறக்கை உள்ளவை தூரத்து உறவாக இருந்தன. பார்வைக்குச் சம்பந்தமே இல்லாதவை அண்ணன் தம்பியாக இருந்தன. ஒரே தோற்றம் வெவ்வேறு கிளைகளில் திரும்பத் திரும்பத் தனியாகத் தோன்றியிருக்கிறது. பழைய புத்தகத்தில் பேரினம் வேறாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எரிச்சலாக இருக்கும், புரிகிறது. ஆனால் இந்தப் பெயர் மாற்றங்கள் வேண்டாத வேலை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. பழைய பெயரை வைத்துக்கொண்டு பரவலைப் பேசினால் இல்லாத பயணங்களுக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

மடகாஸ்கரின் மலாசாவைப் பாருங்கள். அந்தத் தீவில் மட்டும் இருக்கும் பேரினம், யாரோடு சேர்ப்பது என்று தெரியாமல் நெடுநாள் தொங்கிக்கொண்டிருந்தது. 140 ஆண்டுகளுக்கும் முன்பு பிடித்துக் குத்தி வைத்த மூல மாதிரியிலிருந்தே டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தபோது எந்தத் துணைக்குடும்பத்திலும் அது அடங்கவில்லை, 2020-இல் அதற்கென்றே மலாசினே என்று ஒன்று அமைக்க வேண்டியிருந்தது. நம் வடகிழக்கிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இருக்கும் சாமுண்டா என்ற பிளாட்டும் இதே மாதிரி தனி வீடு பெற்றது.

சரி, பேரினம் மாறுவது இருக்கட்டும், இனம் என்பதாவது உறுதியா? இங்கேதான் கோஸ்டா ரிகாவின் கதையைச் சொல்ல வேண்டும். அஸ்ட்ராப்டெஸ் ஃபுல்கெரேட்டர், 1775-இல் பெயர் பெற்றது, டெக்சாஸிலிருந்து அர்ஜென்டினா வரை சாதாரணமாகக் கிடைப்பது, கருப்பு இறக்கை, உடலை ஒட்டி நீல மின்னல், முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இது ஒரே இனம் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. அந்த நாட்டின் வடமேற்கில் குவானகாஸ்தே பாதுகாப்புப் பகுதியில் சூழலியலாளர்கள் டான் ஜான்சனும் வினி ஹால்வாக்ஸும் உள்ளூர் உதவியாளர்களும் 1970-களின் இறுதியிலிருந்து காட்டுப் புழுக்களைத் தேடி எடுத்து, எந்தச் செடியில் இருந்தது என்று எழுதி, பையில் போட்டு வளர்த்து, வெளிவரும் பூச்சியைப் பதிவு செய்துகொண்டே வந்தார்கள். இந்த வேலையின் பெருமை அந்தப் பொறுமையில் இருக்கிறது. ஃபுல்கெரேட்டர் புழுக்கள் வந்தபோது ஒன்று ஒரு நிறம், இன்னொன்று வேறு வளையம், ஒன்று ஒரு செடி, இன்னொன்று வேறு குடும்பத்துச் செடி. ஆனால் வெளிவந்த பட்டாம்பூச்சிகளோ அசல் ஒன்று போல. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் பர்ன்ஸ் இனப்பெருக்க உறுப்புகளை அறுத்துப் பார்த்தார், வேறுபாடு இல்லை. ஸ்கிப்பர் ஆய்வாளருக்கு அதுதான் வழக்கமான கடைசி நீதிமன்றம், அதுவும் கைவிட்டுவிட்டது.

அப்புறம் கனடாவின் பால் ஹெபர்ட் அந்த மாதிரிகளின் டி.என்.ஏ. பார்கோடைப் பார்த்தார், கிட்டத்தட்ட 650 எழுத்து நீளமுள்ள ஒரே மரபணுத் துண்டு. அது புழுவின் நிறத்தோடும் செடியோடும் சேர்ந்து பிரிந்தது. 2004-இல் வந்த கட்டுரையில் அந்தப் பகுதியில் மட்டும் குறைந்தது பத்து இனங்கள் என்று அறிவித்தார்கள். தற்காலிகப் பெயர்கள் கூட உணவுச் செடியிலிருந்து வந்தவை: செல்டிஸ் தின்பது செல்ட், ட்ரைகோனியா தின்பது ட்ரைகோ, இங்காவும் குபானியாவும் தின்பது இங்கப். ஒரே காட்டில், ஒரே வானத்தின் கீழ், பத்தும் பறந்துகொண்டிருந்தன.

எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ ப்ரோவர் அதே தரவை 2006-இல் மறுபடி அலசி, மூன்றுக்குக் குறையாமலும் ஏழுக்கு மேற்படாமலும்தான் பிரிவுகளைக் காண முடிகிறது என்று எழுதினார். பார்கோடு துண்டு ஒன்றை மட்டும் நம்பி இனங்களை அறிவிப்பது அவசரம் என்பது அவர் வாதம், அது நியாயமான வாதம். பிறகு அவரே 2010-இல் அந்தப் பத்துக்கும் முறையான பெயர் வைத்தார். 2017-இல் குவானகாஸ்தேயின் வேறு சில ஸ்கிப்பர்களின் முழு மரபணுத் தொகுதியை எடுத்துப் பார்த்தபோது பார்கோடும் செடியும் காட்டிய பிரிவுகள் அங்கேயும் சரியாக இருந்தன. இன்று ஃபுல்கெரேட்டர் அஸ்ட்ராப்டெஸில் கூட இல்லை, டெலிகோனஸ் பேரினத்துக்குப் போய்விட்டது. நீல மின்னலை நம்பி ஒன்றாகச் சேர்த்திருந்தது செல்லவில்லை.

இது பரவலை எப்படி மாற்றுகிறது என்று யோசியுங்கள். டெக்சாஸ் முதல் அர்ஜென்டினா வரை பரவிய ஒரு இனம் என்று வரைபடத்தில் ஒரு பெரிய பச்சைத் திட்டு இருந்தது. இப்போது அது பல திட்டுகள், சில வறண்ட காட்டுக்கு, சில மழைக்காட்டுக்கு. ஒரு காட்டை வெட்டினால் ஒன்றும் ஆகாது, அது எங்கும் இருக்கிறதே என்று முன்பு சொல்லியிருப்பார்கள். இனி அப்படிச் சொல்ல முடியாது.

வெப்பமண்டல அமெரிக்காவில் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். அங்கே இரண்டாயிரத்துக்கும் மேல் இனங்கள், ஆப்பிரிக்காவில் ஐநூற்றுச் சொச்சம், ஐரோப்பா முழுவதும் ஐம்பதுக்குள், நியூசிலாந்தில் சொந்தமாக ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பகுதி விடை நிலத்தில் இருக்கிறது. ஆண்டீஸ் எழுந்ததால் உயரத்துக்கு உயரம் தனித்தனிக் காடுகள், அமேசான் பரப்பு தொடர்ச்சியாக ஈரம். ஆப்பிரிக்க மழைக்காடு வறண்ட காலங்களில் மிகவும் சுருங்கிப்போனது என்பது அங்கே குறைவாக இருப்பதற்குப் பலரும் சொல்லும் காரணம். இன்னொரு பகுதி விடை உணவில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உல்லாசா கொடண்டராமையாவின் குழு 2017-இல் ஸ்கிப்பர்களுக்குக் காலம் கணித்த உறவுமுறை மரம் ஒன்றை வெளியிட்டது. இன்றுள்ள ஸ்கிப்பர்களின் பொது மூதாதை ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் என்று அதில் வந்தது. வேறு ஆய்வுகள் இன்னும் பின்னுக்குத் தள்ளுகின்றன. எனக்கு முக்கியமாகப்படுவது வேறு: புழுக்கள் இருவித்திலைச் செடிகளை விட்டு ஒருவித்திலைக்கு மாறிய பிறகு இனம் பிரியும் வேகம் கூடியது. புல்லில் மணற்சத்து (சிலிக்கா) அதிகம், ஊட்டம் குறைவு, மெல்லக் கஷ்டம். ஆனால் ஒருமுறை அதைத் தின்னப் பழகிவிட்டால் மலையுச்சியிலிருந்து வரப்பு வரை சாப்பாடு இருக்கிறது.

அமேசானின் ஸ்கிப்பர்கள் காட்டில் எப்படி இருக்கின்றன என்று ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. தரையில் படை எறும்புகள் கூட்டமாகப் போகும்போது, அவற்றுக்குத் தப்பி ஓடும் பூச்சிகளைப் பிடிக்க எறும்புக் குருவிகள் பின்னாலேயே வரும். அந்தக் குருவிகளின் எச்சத்தை உறிஞ்ச ஸ்கிப்பர்கள் வரும். எச்சம் காய்ந்திருந்தால் பூச்சி தன் வயிற்று நுனியிலிருந்து ஒரு சொட்டு நீரை அதன் மேல் விட்டு, கரைந்ததை உறிஞ்சுகுழலால் திரும்ப உறிஞ்சும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் டிஷ்யூ காகிதத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, எச்சிலில் நனைத்து, படை எறும்பு போகும் வழியில் இலைகள் மேல் ஒட்டி வைத்தார்கள். எச்சம் என்று நினைத்து ஸ்கிப்பர்கள் வந்து அமர்ந்தன, அதுவரை அந்த இடத்தில் யாரும் பார்த்திராத இனங்கள் கூட. அரென்ஹோல்ஸ் முறை என்று இதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. பரவல் பட்டியல் என்பது எவ்வளவு தூரம் தேடும் முறையைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. வேகமாகப் பறந்து, இருட்டில் அமர்ந்து, விடியலில் மட்டும் வரும் பூச்சிகள் ஒரு ஊரில் இல்லை என்று எழுதுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

இனி நம் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் எண்பதுக்கும் மேல் ஸ்கிப்பர்கள், அங்குள்ள பட்டாம்பூச்சிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று. உங்கள் படத்தில் இருப்பது ஏஸ் கூட்டத்தைச் சேர்ந்தது, ஹால்பே அல்லது தொரெஸ்ஸா. தொரெஸ்ஸாவின் பரவலைப் பாருங்கள்: தென் மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இனங்கள், இலங்கையில் மட்டும் இருக்கும் டெகரேட்டா, அப்புறம் இடையில் ஒன்றுமில்லாமல் வடகிழக்கு இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா. தக்காணம் இவற்றுக்கு வறட்சி. ஈரக் காடுகள் ஒரு காலத்தில் இன்னும் தொடர்ச்சியாக இருந்து பின் அறுபட்டன என்று நினைக்க இடமிருக்கிறது. இதில் எவர்ஷெடி என்ற இனம் எவன்ஸ் பழனி மலைப் பட்டியலில் விவரித்தது, கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் சூரியப் புள்ளிகளை ஆராய்ந்த ஜான் எவர்ஷெட் பெயரைத் தாங்கியது.

பிளாட்களில் செலனோரைனஸைச் சொல்லியாக வேண்டும். தமிழ் ஸ்பாட்டட் பிளாட், மலபார் ஸ்பாட்டட் பிளாட் எல்லாம் இதில்தான். குறிஞ்சிச் செடிகளிலும் அவற்றின் உறவுகளிலும் இவற்றின் புழுக்கள் வளர்கின்றன. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா மூன்றின் வெப்பமண்டலத்திலும் இருக்கும் ஸ்கிப்பர் பேரினம் அபூர்வம், இது அவற்றில் ஒன்று.

வகைப்பாடு வயலுக்கு என்ன தரும் என்று கேட்பவர்களுக்கு வாழையைக் காட்டுவேன். வாழை இலையை ஓரத்திலிருந்து கிழித்துக் குழாய் போலச் சுருட்டி, உள்ளே வெள்ளை மாவு பூசிய புழு இருப்பதைக் கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் பலர் பார்த்திருப்பீர்கள். எரியோனோட்டா டோரஸ். பெரிய பழுப்புப் பூச்சி, சிவந்த கண், முன்னிறக்கையில் மூன்று மஞ்சள் கண்ணாடிப் புள்ளிகள், அந்தியில் பறக்கும். இது தென்னிந்தியாவுக்குப் பழையது அல்ல, அண்மைக் காலத்தில் வந்து பரவியது. எவன்ஸ் 1941-இல்தான் இதைத் தனி இனமாகப் பிரித்தார். இதன் மிக நெருங்கிய உறவான எரியோனோட்டா திராக்ஸும் வாழை தின்னும், பார்க்க அச்சு அசல் இதே மாதிரி, உறுதியாகச் சொல்ல ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். அதனால் வேளாண் கட்டுரைகளில் இரண்டும் பல பத்தாண்டுகள் ஒன்றாகக் கலந்தே கிடந்தன. மொரீஷியஸுக்கும் தைவானுக்கும் போய்ச் சேர்ந்தது டோரஸ், பப்புவா நியூகினிக்குப் போனது திராக்ஸ். அங்கே கொட்டேசியா எரியோனோட்டே என்ற சிறு குளவியை விட்டு 1990-களில் நன்றாகக் கட்டுப்படுத்தினார்கள். எந்தக் குளவி எந்தப் புழுவுக்கு, பூச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது, அங்கே அதை எது தின்கிறது என்று தேட வேண்டுமானால் முதலில் பூச்சியின் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் படத்துக்கு. மேல்பக்கத்தை மட்டும் வைத்து ஏஸ்களைப் பிரிக்க முயலாதீர்கள். பின்னிறக்கையின் அடிப்பக்கம், உணர்கொம்பின் நுனி, ஆணாக இருந்தால் முன்னிறக்கை மேல்பக்கத்தில் மணம் பரப்பும் செதில்களின் கோடு இருக்கிறதா என்பது, இந்த மூன்றும் தெரிகிற மாதிரி எடுங்கள். சமவெளியில் ஸ்விஃப்ட் எனப்படும் பழுப்புப் புல் ஸ்கிப்பர்களுக்கும் இதேதான்: பெலோபிடாஸில் பின்னிறக்கை அடிப்பக்க நடு அறையில் ஒரு புள்ளி இருக்கும், போர்போவில் இருக்காது. நெல் வயலில் இரண்டும் சேர்ந்தே பறக்கும், அந்தப் புள்ளி தெரியாத படத்துக்கு யார் பெயர் சொன்னாலும் அது ஊகம். கிடைத்த மூன்று பெயர்களில் இரண்டு ஒரே பேரினம் என்றால் பேரினத்தோடு நிறுத்தி எழுதி வையுங்கள், அது குறைவான பதிவு இல்லை.

முடிந்தால் புழுவைத் தேடுங்கள். காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், ஆனால் வீட்டு மஞ்சள் செடியில் தொடங்கலாம். கிராஸ் டீமன் எனப்படும் உடாஸ்பெஸ் ஃபோலஸ் அதில்தான் வளர்கிறது, மஞ்சள் விவசாயிகள் இலைச்சுருட்டுப் புழு என்பார்கள். இலையின் ஓரம் மடிந்து பட்டு நூலால் தைத்திருக்கும். மெல்லப் பிரித்தால் கருந்தலையோடு, உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்குத் தெளிந்த பச்சையில் புழு. அந்த இலைமடிப்புக்குள் எச்சம் கிடக்காது என்பதைக் கவனியுங்கள். ஸ்கிப்பர் புழுக்களின் பின்புறம் சீப்பு போன்ற உறுப்பு உண்டு, அதை வைத்து எச்சத்தைத் தெறித்து வீசும். வட அமெரிக்காவின் எபார்கைரியஸ் புழுவை மார்த்தா வைஸ் ஆராய்ந்தபோது உடல் நீளத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேலான தூரம் போனது. எச்ச வாசனையைப் பிடித்துத்தான் குளவிகள் வந்து சேரும் என்பதையும் அவர் காட்டினார். அந்தப் புழுவை இலையோடு ஒரு டப்பாவில் வைத்து, தினமும் புது மஞ்சள் இலை கொடுத்து வளர்த்தால் கருப்பில் பெரிய வெள்ளைத் திட்டுகளோடு பூச்சி வெளிவரும். அதற்குள் முட்டை, புழு, கூட்டுப்புழு, செடி, தேதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அதே வழக்கத்தோடு அடுத்த முறை மூங்கில் பக்கம் போங்கள்.